குளத்தில் இறங்காத தேசங்கள்

சிங்கப்பூரில் 2025 ஜூலை, ஆகஸ்டில் உலக நீர்விளையாட்டுச் சாம்பியன்ஷிப் நடந்தது. கடைசி நாள் ஆடவர் 4x100 மீட்டர் மெட்லி ரிலே. அமெரிக்கா மூன்றாவது, பிரான்ஸ் இரண்டாவது. தங்கம் யாருக்கு என்று பலகையைப் பார்த்தால் 'நியூட்ரல் அத்லெட்ஸ் பி' என்று இருந்தது.

உலக வரைபடத்தைப் புரட்ட வேண்டாம். அந்தத் தேசத்துக்குத் தலைநகரம் கிடையாது, நாணயம் கிடையாது, தேசிய கீதமும் கிடையாது. ரஷ்யாவிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள்தான் அது. பெலாரஸிலிருந்து வந்தவர்கள் 'ஏ', ரஷ்யர்கள் 'பி'. பள்ளிக்கூடத்தில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பிரிப்பார்களே, அப்படி. இவர்கள் எந்த நாட்டுக்கும் பிரதிநிதிகள் அல்லர், தனித்தனி மனிதர்கள், அவ்வளவுதான் என்பது உலக நீச்சல் சம்மேளனத்தின் விளக்கம். தனித்தனி மனிதர்கள் நால்வர் எப்படி ஒரே அணியாகத் தொடர் நீச்சலில் இறங்கினார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடாது. முதலில் ரிலே கிடையாது என்றுதான் சொன்னார்கள். பிறகு மனம் இளகிவிட்டது. ஒரே ஊர்க்காரர்கள் தற்செயலாக அடுத்தடுத்து ஒரே லேனில் குதித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சம்மேளனத்துக்கு ரஷ்யாமேல் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். 2014 மார்ச்சில் உக்ரைனின் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் சம்மேளனம் தன் மிக உயர்ந்த விருதை விளாதிமிர் புதினுக்கு வழங்கியது. அவர் என்ன நீந்தினார் என்று தெரியவில்லை. மறு ஆண்டே உலகச் சாம்பியன்ஷிப் ரஷ்யாவின் கசான் நகரில் கோலாகலமாக நடந்தது. அதில் எல்லாம் விளங்கிவிடும். 2022 பிப்ரவரியில் டாங்கிகள் உக்ரைனுக்குள் போன பிறகு, மார்ச்சில் அந்த விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எட்டு ஆண்டுக்கு முந்தைய கிரிமியா கணக்கில் வராது. வந்திருந்தால் கசானில் குளம் கட்டியிருக்க முடியாது அல்லவா?

தோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ரஷ்ய வீரர் எவ்கெனி ரிலோவ் அந்த மார்ச் மாதம் மாஸ்கோ விளையாட்டரங்கில் புதின் நடத்திய கூட்டத்தில் போருக்கு ஆதரவு காட்டும் 'இசட்' எழுத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார். ஒன்பது மாதத் தடை. நின்றது தப்புதான், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மேடைக்கு அழைத்து நிறுத்தியவருக்கு விருது கொடுத்துவிட்டு, வந்து நின்ற பையனுக்குத் தண்டனை கொடுத்தது யார்? அதே சம்மேளனம்.

2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்குக்குள் புகுந்தது. இருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் இல்லவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த ஜூலையில் பார்சிலோனாவில் உலகச் சாம்பியன்ஷிப். அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஐந்து உலக சாதனைகள் படைத்தார். நட்சத்திரக் கொடி மேலே ஏறியது, கீதம் முழங்கியது, எல்லோரும் எழுந்து நின்றோம். 'நியூட்ரல் அத்லெட்ஸ் சி' என்று ஒரு குரலும் எழவில்லை. காசா இடிந்து மண்ணாகிக்கொண்டிருந்தபோது இஸ்ரேல் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் தன் கொடியோடுதான் வந்தது. நடுநிலை என்பது எல்லாத் தேசத்துக்கும் அணிவிக்கும் தொப்பி இல்லை. யார் தலைக்குப் பொருந்தும் என்பதைத் தலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று இதைப் படித்துச் சிலர் கொதிப்பார்கள். கலந்தது யார்? தேசங்களின் பேரில் போட்டி நடத்துகிறவர்கள்தானே? எந்தத் தேசமும் இதுவரை குளத்தில் இறங்கியதில்லை. கரையில் நின்று பிள்ளைகளை இறக்கிவிடும். ஜெயித்தால் கழுத்தை நீட்டும். மாட்டிக்கொண்டால், "யாரோ சில தனிநபர்கள்" என்று கையை உதறும். இந்தக் கலையைக் கரைத்துக் குடித்த தேசம் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் பெண்களுக்கு நீச்சலில் ஒரு தங்கம்கூட இல்லை. மறு ஆண்டு பெல்கிரேடில் முதன்முதலாக உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. பெண்களுக்கான 14 போட்டிகளில் 10 தங்கம் கிழக்கு ஜெர்மனிக்கு. 1976 மான்ட்ரியாலில் 13-க்கு 11. ஓராண்டில் ஒரு தேசத்துப் பெண்கள் அனைவருக்கும் துடுப்பு முளைத்த அதிசயத்தைப் பார்த்து நடுவர்கள் மகிழ்ந்தார்கள், அதிகாரிகள் மகிழ்ந்தார்கள், பத்திரிகைகள் பயிற்சி முறையின் விஞ்ஞான நுட்பத்தை விதந்தோதின. இந்தப் பெண்களின் குரல் ஏன் இப்படிக் கட்டையாக இருக்கிறது என்று யாரோ கேட்டபோது, நீந்தத்தான் வந்தார்கள், பாடுவதற்கு அல்ல என்று அந்த அணியின் பயிற்சியாளர் ஒருவர் பதில் சொன்னாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள்.

அமெரிக்காவின் ஷெர்லி பாபாஷாஃப் சிரிக்கவில்லை. இவர்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். மான்ட்ரியாலில் அவருக்குக் கிடைத்தவை நான்கு வெள்ளி, தொடர் நீச்சலில் ஒரே ஒரு தங்கம். அந்த நான்கு வெள்ளியிலும் முன்னால் போனது கிழக்கு ஜெர்மனிதான். அவருடைய சொந்த நாட்டுப் பத்திரிகைகளே அவருக்குச் 'சிடுமூஞ்சி ஷெர்லி' என்று பட்டம் கட்டின. தோற்கத் தெரியாதவள், பொறாமைக்காரி. இருபது வயதுகூட நிறையாத ஒரு பெண் உண்மையைச் சொன்னதற்கு ஜனநாயகத் தேசம் கொடுத்த பரிசு இது. சர்வாதிகாரத் தேசத்தின் பரிசு வேறு மாதிரி இருந்தது.

அது நீல நிற மாத்திரை. பெயர் ஓரல் டியூரினபால். யேனாஃபார்ம் என்னும் அரசு மருந்து நிறுவனத்தின் தயாரிப்பு. ஆண்மைச் சுரப்பை ஒத்த ஸ்டீராய்டு. 1974-இல் 'அரசுத் திட்டம் 14.25' என்று கோப்பு எண் போட்டு, கமிட்டி அமைத்து, டாக்டர்களை வைத்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று அட்டவணை எழுதிச் செய்தார்கள். விளையாட்டுப் பள்ளி விடுதியில் தங்கியிருந்த பதின்வயதுச் சிறுமிகள் பயிற்சி முடிந்து வரிசையில் நிற்பார்கள். உள்ளங்கையில் மாத்திரை. "வைட்டமின்." கோச் பார்க்கும்போதே விழுங்க வேண்டும். அம்மா அப்பாவிடம் சொல்லக்கூடாது. தோள் விரிந்தது, குரல் உடைந்தது, முகத்தில் ரோமம் வந்தது. கல்லீரல் கெட்டது பிறகு. கருப்பை கெட்டதும் பிறகு. பிறந்த பிள்ளைகள் குறையோடு பிறந்தது அதற்கும் பிறகு. இப்படி மருந்து ஏற்றப்பட்டவர்கள் எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேர் இருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

மாட்டிக்கொள்ளவில்லையா? எப்படி மாட்டுவார்கள்? கிழக்கு ஜெர்மனியின் கிரைஷாவில் ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருந்தது. சர்வதேச ஒலிம்பிக் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றது. வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்புமுன் பிள்ளைகளின் சிறுநீர் அங்கே போகும். மருந்து இன்னும் மிச்சம் இருந்தால் அந்தப் பெண்ணுக்குத் திடீர் ஜுரம், பயணம் ரத்து. சுத்தமாக இருந்தால் விமானம் ஏறலாம். திருடனைப் பிடிக்கக் கொடுத்த கருவியை வைத்துத் திருடன் தன் பூட்டைச் சோதித்துக்கொண்டான். கிழக்கு ஜெர்மனி நீச்சல் சங்கத்தின் தலைமை டாக்டர் லோதர் கிப்கே, அதே உலக நீச்சல் சம்மேளனத்தின் மருத்துவக் குழுவிலேயே உறுப்பினர். சம்மேளனத்துக்கு ஊக்கமருந்து பற்றி ஏதும் சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். 1985-இல் அந்த நாட்டின் தலைவர் எரிக் ஹோனக்கருக்கு ஒலிம்பிக் சங்கம் தங்க விருது கொடுத்தது. விருது கொடுப்பதில் இந்தச் சங்கங்களுக்குக் கை எப்போதுமே தாராளம்.

ரிக்கா ரைனிஷ் 1980 மாஸ்கோவில் மூன்று தங்கம் வாங்கியபோது வயது 15. அடுத்த ஆண்டு சினைப்பை கெட்டு வலியில் துடித்தார். அவருடைய அம்மா, போதும் என்று பிள்ளையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். இந்தக் கதை முழுவதிலும் ஒரு பெரிய மனிதர் செய்யவேண்டியதைச் செய்த இடம் இது ஒன்றுதான்.

பெர்லின் சுவர் இடிந்தது, கோப்புகள் வெளிவந்தன. உளவுத்துறை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்திருந்தது. அந்த ஊரில் குற்றத்தைக்கூட ஒழுங்காகத்தான் செய்வார்கள். 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில், விளையாட்டுத் துறையையே ஆட்டிப்படைத்த மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதம், டாக்டர் மான்ஃப்ரெட் ஹோப்னருக்கு 18 மாதம். இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அதாவது வீட்டுக்குப் போகலாம். கிப்கேவுக்கும் அப்படியே. 2006-இல் யேனாஃபார்ம் நிறுவனம் 184 பேருக்குத் தலா 9,250 யூரோ கொடுத்தது. ஒரு கருப்பைக்கு என்ன விலை என்று அந்தக் கணக்காளர் எந்த அட்டவணையைப் பார்த்துப் போட்டாரோ!

பதக்கங்கள் என்ன ஆயின? 1998-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஒலிம்பிக் சங்கத்திடம் கேட்டன: ஏமாற்றப்பட்டவர்களுக்கு நியாயம் செய்யுங்கள். முடியாது என்றார்கள். அந்த நாடே இப்போது இல்லை; 1990-இல் கலைந்துபோனது. அதன் தங்கங்கள் மட்டும் பட்டியலில் பத்திரமாக இருக்கின்றன. மாஸ்கோவில் பிரிட்டனின் ஷாரன் டேவிஸைப் பத்து விநாடிக்கு மேல் பின்தள்ளிய பெட்ரா ஷ்னைடர், மருந்து எடுத்துத்தான் ஜெயித்தேன் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். நீந்தியவள் ஒப்புக்கொள்கிறாள். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

பெர்லின் சுவரோடு இந்த வியாபாரமும் விழுந்தது என்று யாராவது நம்பியிருந்தால், 1994-இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் விழித்திருப்பார்கள். சீனப் பெண்கள் 16-இல் 12 தங்கம். சில வாரங்களில் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஏழு சீன நீச்சல்காரர்கள் ஊக்கமருந்தில் சிக்கினார்கள். 1998 ஜனவரியில் பெர்த் போட்டிக்குப் போகும் வழியில் சிட்னி விமான நிலையத்தில் ஒரு சீன வீராங்கனையின் பையிலிருந்த தெர்மாஸ் ஃபிளாஸ்கைச் சுங்க அதிகாரி திறந்தார். வெந்நீர் இல்லை. மனித வளர்ச்சி ஹார்மோன், 13 குப்பி. ஒரு ஆள் தனக்கென்று கொண்டுபோகிற அளவா அது? அந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்டு, கோச்சுக்கு 15 ஆண்டு தடை. நிரப்பி அனுப்பிய தேசத்துக்கு எத்தனை ஆண்டு? பூஜ்யம்.

காலம் மாறியது, நளினம் கூடியது. தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு, 2021 ஜனவரியில் 23 சீன நீச்சல்காரர்களின் சிறுநீரில் டிரைமெட்டாஸிடின் இருந்தது. நெஞ்சுவலிக்காரர்களுக்கான மாத்திரை அது. விசாரித்தவர்கள் சீனப் போலீஸ். அவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் சமையலறையில், புகைபோக்கியில், மசாலா டப்பாவில், சாக்கடையில் அந்த மருந்தின் துகள் கிடைத்ததாம். அதுவும் இரண்டு மாதங்களுக்கு மேல் கழித்து. யாருக்கு நெஞ்சுவலி, யார் மாத்திரையைக் குழம்பில் போட்டார், அது எப்படி என்பதெல்லாம் இன்றுவரை எழுதப்படாத அத்தியாயம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு கோப்பைப் படித்தது, தலையாட்டியது, மூடிவைத்தது. ஊருக்குச் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸும் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியும் போட்டு உடைத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. சுவிஸ் வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்தார்கள். பாரபட்சம் ஏதுமில்லை என்றார் அவர். இதே மருந்து ரஷ்யப் பனிச்சறுக்கு நடனச் சிறுமி ஒருத்தியின் உடலில் இருந்தபோது, தாத்தாவின் மாத்திரை கலந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். நான்கு ஆண்டு தடை விதித்தார்கள். தாத்தாவின் மாத்திரையைவிட ஓட்டல் குழம்புக்குச் செல்வாக்கு அதிகம் போலும்.

அந்த 23 பேரும் தெரிந்தே தின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் எவரும் இனிமேல் சொல்லமுடியாதபடி செய்துவிட்டார்களே! அப்பாவியாக இருந்தால் அதை நிரூபிக்கும் வழியையும் சேர்த்தே மூடிய புண்ணியவான்கள். சிங்கப்பூரில் 12 வயதுச் சீனச் சிறுமி ஒருத்தி தனிநபர் பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டு, ரிலேயில் வெண்கலம் வாங்கினாள். சம்மேளன விதிப்படி 14 வயது ஆகவேண்டும். தகுதி நேரத்தைத் தொட்டுவிட்டால் விலக்கு உண்டாம். அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சுற்றி நிற்கும் பெரியவர்களின் முகத்தைத்தான் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இது பதக்கம் வாங்குகிற தேசங்களின் கதை. எண்ணிக்கை காட்ட வருகிற தேசங்கள் வேறு. ஏறத்தாழ இருநூறு தேசங்கள் என்று மார்தட்ட வேண்டுமல்லவா, அதற்காக ஒரு விசேஷ வாசல் வைத்திருக்கிறார்கள். தகுதி நேரம் எட்டியவர் எவரும் இல்லாத நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று இடம் ஒதுக்குவார்கள். அந்த வாசல் வழியாகத்தான் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்குக்கு எரிக் முசாம்பானி வந்தார். நாடு எக்வடோரியல் கினி. நீச்சல் கற்றுச் சில மாதங்கள்தான். பயிற்சி பெற்றது மலாபோ நகரில் ஓர் ஓட்டல் குளத்தில். நீளம் 13 மீட்டருக்குள். 50 மீட்டர் குளத்தை அவர் முதன்முதலாகப் பார்த்ததே சிட்னியில்தான். கூட நின்ற இருவரும் முன்கூட்டியே குதித்து வெளியேற்றப்பட, நூறு மீட்டரைத் தன்னந்தனியாக நீந்தினார். கடைசிப் பதினைந்து மீட்டரில் கையைத் தூக்க முடியவில்லை, கிட்டத்தட்ட மூழ்கினார். 1 நிமிடம் 52.72 விநாடி. 17,000 பேர் எழுந்து கைதட்டினார்கள். என்ன மன உறுதி, இதுவல்லவா ஒலிம்பிக் ஆன்மா என்று உலகமே நெகிழ்ந்தது.

நெகிழ்ந்தவர்களில் ஒருவராவது அந்த நாட்டில் ஏன் குளம் இல்லை என்று கேட்டாரா? பணம் இல்லாமலா? தொண்ணூறுகளிலிருந்து எண்ணெய் கொட்டுகிற நாடு அது. 1979-இலிருந்து தெயோதோரோ ஒபியாங் என்பவரே அதிபர். அவர் மகன் கலிபோர்னியாவின் மாலிபுவில் 3 கோடி டாலருக்குக் கடலோர மாளிகை வாங்கினார். மைக்கேல் ஜாக்சன் அணிந்த கல் பதித்த கையுறை ஒன்றையும் வாங்கினார். ஒரு கைக்கு மட்டும் பயன்படும் கையுறை வாங்கிய குடும்பத்துக்கு, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு கையையும் வீசி நீந்த ஒரு குளம் வெட்ட அன்றைக்குத் தோன்றவில்லை. முசாம்பானி விடாமல் பயிற்சி செய்து நூறு மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்தப் பழகினார். 2004 ஏதென்ஸுக்குப் போகமுடியவில்லை. காரணம் காயமில்லை, தோல்வியில்லை. அவருடைய பாஸ்போர்ட் போட்டோவை அதிகாரிகள் தொலைத்துவிட்டார்கள்.

குளத்துக்கு வருகிறவர்களின் தலையையும் அளந்து பார்ப்பார்கள். கறுப்பினத்தவரின் அடர்ந்த சுருள்முடிக்கு ஏற்ற பெரிய நீச்சல் தொப்பியைத் தோக்கியோ போட்டிக்கு அனுமதிக்கச் சொல்லி 2021-இல் சம்மேளனத்துக்கு விண்ணப்பம் போனது. தலையின் இயற்கையான வடிவத்தோடு ஒட்டவில்லை என்று நிராகரித்தார்கள். யாருடைய தலை இயற்கை, யாருடையது செயற்கை? உலகம் காறித் துப்பிய பிறகு, மறு ஆண்டு அனுமதி கிடைத்தது.

நம்முடைய பாரத தேசத்தைச் சொல்லாமல் விட்டால் தேசத்துரோகம் ஆகிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் நீச்சலுக்கு 140 கோடி மக்களின் சார்பில் போனவர்கள் இருவர். அதில் ஒருத்தி 14 வயதுப் பள்ளி மாணவி. இருவருமே போனது மேலே சொன்ன அந்த விசேஷ வாசல் வழியாகத்தான். நிலவுக்குக் கலம் அனுப்பிய தேசம், குளத்துக்கு ஆள் அனுப்ப எக்வடோரியல் கினியின் வரிசையில் நின்றது. ஆற்றிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்த பிள்ளைகள் வருஷம் தவறாமல் மூழ்கிச் சாகிற ஊர் இது. நீச்சல் சொல்லித்தர ஒரு பீரியட் வைக்காத பள்ளிக்கூடங்கள்தான் திரும்பிய பக்கமெல்லாம். ஆனால் 2036-இல் ஒலிம்பிக்கை நாமே நடத்த ஆசைப்படுகிறோமாம். நடத்தலாம். கைதட்ட ஆள் நிறைய இருக்கிறார்கள்.

இப்போது அடுத்த கட்டம் வந்துவிட்டது. ஊக்கமருந்தைப் பகிரங்கமாகப் போட்டுக்கொண்டு போட்டியிடும் 'என்ஹான்ஸ்ட் கேம்ஸ்' என்று ஒன்றை அறிவித்தார்கள், சூதாட்ட நகரமான லாஸ் வேகஸில். பின்னால் பெரும் பணக்காரர்கள். அதற்காக மருந்தேற்றிக்கொண்டு, தடை செய்யப்பட்ட நீச்சலுடையையும் போட்டுக்கொண்டு, கிரேக்க வீரர் கிறிஸ்டியன் கொலோமீவ் 50 மீட்டரை அப்போதைய உலக சாதனையைவிடக் குறைந்த நேரத்தில் நீந்தினார். பத்து லட்சம் டாலர் பரிசு. சம்மேளனத்துக்கு வந்ததே கோபம்! அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறவர்களுக்குக்கூட எங்கள் போட்டியில் இடமில்லை என்று 2025-இல் விதி கொண்டுவந்தது. கிப்கேவைக் குழுவில் உட்காரவைத்த சம்மேளனம் அது. இந்த வியாபாரிகளை நான் வெறுக்கிறேன். ஆனால் இவர்கள் வைட்டமின் என்று பொய் சொல்லவில்லை, 13 வயதுப் பிள்ளைக்கு ஊட்டவும் இல்லை. அந்த இரண்டையும் செய்தது தேசம்.

அடுத்த உலகச் சாம்பியன்ஷிப் 2027-இல் புடாபெஸ்டில். என்னுடையது ஒரே விண்ணப்பம். பதக்கப் பட்டியலில் தேசத்தின் பெயர்தான் இருக்கவேண்டும் என்றால், தேசத்தின் பேரால் பேசுகிறவர்களே நீந்தட்டும். விளையாட்டு அமைச்சர், சங்கத் தலைவர், தலைமை டாக்டர், விருது கொடுத்தவர், விருது வாங்கியவர் என்று வரிசையாக நிறுத்துங்கள். நீல மாத்திரையை அவர்களே விழுங்கட்டும், ஓட்டல் குழம்பை அவர்களே குடிக்கட்டும், பயிற்சிக்கு மலாபோவின் 13 மீட்டர் குளத்துக்கு அனுப்புங்கள். யாரும் வெளிவராவிட்டாலும் தேசங்களுக்கு ஒன்றும் ஆகாது. பெயர் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது, தலைவர்களே.